நாலு சக்கர பைக்கும் நம்ம ஆட்களின் அலங்காரமும்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்போர்ட் ஏ.டி.வி.க்கு 'மாடிஃபிகேஷன்' என்ற பெயரில் நம்ம ஊர்க் கடைகளில் தலையில் கட்டுவதில் பெரும்பகுதி கல்யாண வீட்டு சீரியல் பல்புக்குச் சமம். மிச்சம் இருப்பதில் ஒன்றிரண்டு, வண்டியைக் கவிழ்க்கவென்றே செய்தது மாதிரி இருக்கும். இதைச் சொன்னால் எனக்கு ரசனை இல்லை என்கிறார்கள். இல்லாமலே போகட்டும்.

ஏன் இந்தக் கோபம் என்றால், புனேயில் பத்துப் பதினைந்து வருஷமாகக் குப்பை கொட்டும் நம் மக்களுக்கு இப்போது ஒரு புது வியாதி. முல்ஷி பக்கமோ பன்ஷேத் பக்கமோ ஒரு என்.ஏ. பிளாட் வாங்குவது. அதில் நாலு மாங்கன்று நடுவது. அப்புறம் வார இறுதியில் பிள்ளைகள் 'போர் அடிக்குது' என்றவுடன் ஒரு ஏ.டி.வி. வாங்கி விடுவது. ஹைதராபாத், குர்கான் பக்கத்து உறவுகள் பேசுவதைக் கேட்டால் அங்கேயும் இதே கதைதான்.

தெரியாதவர்களுக்கு: லோனாவாலாவிலும் கோவாவிலும் மணாலியிலும் அரை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவார்களே, பைக் மாதிரி கால் போட்டு உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஓட்டும் நாலு சக்கர வண்டி, அதுதான். அதில் தோட்ட வேலைக்கு, சாமான் ஏற்ற என்று ஒரு ஜாதி. வேகமாக ஓட்ட மட்டும் என்று இன்னொரு ஜாதி. இரண்டாவதுதான் ஸ்போர்ட் ஏ.டி.வி. சுசுகி 2015-ல் குவாட்ஸ்போர்ட் இசட்400 என்ற வண்டியை இந்தியாவில் விற்பனைக்கு விட்டது, எட்டு லட்சத்துக்கு மேல் விலை. அந்த வண்டி ஒன்றைத்தான் நம்ம திருச்சிக்கார நண்பர் ஒருவர் செகண்ட் ஹாண்டில் வாங்கினார். வாங்கிய கையோடு ஒரு கடையில் எஸ்டிமேட் போட்டு எனக்கு அனுப்பினார். "அண்ணா, நீங்க சஸ்பென்ஷன் ஆளு, சும்மா ஒரு பார்வை பாருங்க."

பார்த்தேன். 24 அங்குல மட் டயர் நாலு. 12 அங்குல அலாய் வீல். அந்த டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க ஒரு லிஃப்ட் கிட். நாலு பக்கமும் ஸ்பேஸர். சைலன்ஸர். எல்.ஈ.டி. பார். ஒன்றேகால் லட்சம். கீழே ஒரு வரி: "ஹேண்ட்லிங் செமையா இருக்கும் சார்."

இருக்காது. ஏன் இருக்காது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் எல்.ஈ.டி. பார் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடலாம், அதனால் ஒரு கெடுதலும் இல்லை :-)

இந்த வண்டியின் பூர்வீகத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஹோண்டா 1970-ல் அமெரிக்காவில் விட்ட மூன்று சக்கர வண்டிதான் இதற்கெல்லாம் பாட்டன். அதில் ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. பலூன் மாதிரி 22 அங்குலக் குறைந்த அழுத்த டயர் மூன்று, அவ்வளவுதான். அந்த டயரே சஸ்பென்ஷன். (1971-ல் வந்த டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர் படத்தில் ஜேம்ஸ் பாண்ட் தப்பித்து ஓடுவது இதில்தான்.) பிறகு ஸ்பிரிங் வந்தது. 80-களின் தொடக்கத்தில் சுசுகி நாலாவது சக்கரத்தைச் சேர்த்தது, 1985-ல் பந்தயத்துக்கென்றே குவாட்ரேசர் 250 வந்தது. மூன்று சக்கர வண்டிகள் அதிகமாகக் கவிழ்ந்து ஆட்கள் செத்ததால் 1988-ல் அமெரிக்க அரசும் கம்பெனிகளும் கோர்ட்டில் உடன்பாடு போட்டு அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். ஆனால் ஒன்று மட்டும் இன்றுவரை மாறவில்லை. இந்த வண்டியில் முதல் சஸ்பென்ஷன் டயருக்குள் இருக்கும் காற்றுதான்.

எவ்வளவு காற்று? இங்கேதான் நம்ம ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். காருக்கு 32, பைக்குக்கு 28, 30 என்று பழகிய கை. ஸ்போர்ட் ஏ.டி.வி.க்குச் சுமார் 4 முதல் 5 பி.எஸ்.ஐ. நாலு. நாற்பது இல்லை, நாலு. பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் பையனிடம் நாலு என்றால் சிரிப்பான். அவன் கையில் இருக்கும் கேஜ் அந்த அளவுக்குக் கீழே உருப்படியாக எதையும் காட்டாது. அவன் உத்தேசமாக ஒரு 'புஸ்' விடுவான், அது 15-க்கோ 20-க்கோ போய் நிற்கும். டயர் கல் மாதிரி ஆகி, தரையில் நடுப்பகுதி மட்டும் தொட்டுக்கொண்டு, வண்டி ஒவ்வொரு கல்லிலும் தவளை மாதிரி எகிறும். உடனே "ஷாக் சரியில்லை அண்ணா, மாத்தணும்" என்று போன் வரும். ஷாக்குக்கு ஒன்றும் இல்லை சாமி, காற்றை இறக்கு.

கூடவே ஒரு கணக்கு. காரில் இரண்டு பி.எஸ்.ஐ. கூடினால் யாருக்கும் தெரியாது. இங்கே நாலில் இரண்டு கூடினால் ஒன்றரை மடங்கு. அது தானாகவே கூடும் என்பதுதான் வேடிக்கை. டிசம்பர் காலையில் 12 டிகிரி குளிரில் 4 வைத்துவிட்டு வருகிறீர்கள். மத்தியானம் வெயிலில் நின்று, ஓடி, டயர் 45 டிகிரிக்குச் சூடானால் அதே காற்று கிட்டத்தட்ட 6 காட்டும். காரில் 32 வைத்தது 37 ஆகும், அது பெரிய விஷயமில்லை. இன்னொன்று, வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு கொங்கண் கடற்கரையிலிருந்து மகாபலேஷ்வர் போகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது இல்லையா, 1300 மீட்டர் ஏறினால் கேஜில் சுமார் 2 பவுண்டு தானாகவே கூடும் (ரப்பர் கொஞ்சம் விரிவதால் முழுசாக அவ்வளவு இருக்காது). கீழே சரியாக வைத்தது மேலே ஒன்றரை மடங்கு. பிறகு மலைப்பாதையில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று புலம்பல்.

ஆகவே நண்பரின் எஸ்டிமேட்டில் நான் முதலில் எழுதிய வரி: 0 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் கேஜ் ஒன்று, கூட சைக்கிளுக்கு அடிக்கும் ஒரு கைப்பம்ப். அலாய் வீல் ஒன்றின் விலையில் நாலில் ஒரு பங்கு கூட ஆகாது. ஓட்டும் இடத்துக்குப் போய், வெயில் ஏறியபின், டயர் குளிர்ந்த நிலையில் வைக்க வேண்டும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது வண்டியிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். கடைக்காரருக்கு அந்த ஸ்டிக்கரைப் படித்துப் பழக்கமில்லை, பாவம்.

சரி, டயருக்கு வருவோம். பக்கவாட்டில் 20×10-9 என்று எழுதியிருந்தால், 20 அங்குல உயரம், 10 அங்குல அகலம், 9 அங்குல ரிம் என்று அர்த்தம். இசட்400-க்குக் கம்பெனியில் கொடுப்பது முன்னால் 22×7-10, பின்னால் 20×10-9. மோட்டோகிராஸ் தடத்தில் ஓட்டுகிறவர்கள் இதைவிடச் சின்னதாகப் போவார்கள்: முன்னால் 20×6-10, பின்னால் 18×10-8. கவனியுங்கள், உலகத்தில் இந்த வண்டியை வேகமாக ஓட்டிச் சம்பாதிக்கிறவன் டயரைச் சின்னதாக்குகிறான். நம்ம கடைக்காரர் 24-க்குப் போகிறார். காட்டுப் பாதையில் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் கல்லும் வேரும் தாண்ட வேண்டி முன்னால் 21 அல்லது 22, பின்னால் 20×11 என்று போடுவதுண்டு. அதுக்கு மேல் போவது சாமான் சுமக்கும் வண்டிக்குத்தான் அழகு.

24 அங்குலம் போட்டால் என்ன ஆகும்? பின் டயர் 20-லிருந்து 24 ஆனால், சுற்றளவு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. 40 பல் பின் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி 33 பல் போட்டதற்குச் சமம். மேட்டில் ஏறாது, கிளட்ச் கருகும். சக்கரத்தின் எடை கூடுகிறது. இந்த வண்டியில் பின் ஆக்ஸில், ஸ்ப்ராக்கெட், பிரேக் டிஸ்க், ஹப், சக்கரம் எல்லாமே ஷாக்குக்குக் கீழே ஸ்விங் ஆர்மில் தொங்குகிற எடை. அதில் இன்னும் ஏற்றினால் ஷாக்கால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, சக்கரம் தரையை விட்டு எகிறும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. உயரத்தைப் பற்றித்தான் நான் அலறுகிறேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

மண்ணைப் பார்த்து டயர் வாங்குங்கள். புனேயைச் சுற்றிப் பல இடத்தில் கரிசல். கோவில்பட்டி பக்கத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் டயர் பட்டன்களுக்கு நடுவே அப்பி, நாலு சுற்றில் மொட்டை டயர் ஆகிவிடும். பட்டன்களுக்கு இடைவெளி அதிகம் இருந்தால் ஓடும் வேகத்தில் மண் உதிர்ந்து விழும், நெருக்கமாக இருந்தால் விழாது. கடைக்காரர் மட் டயர் சொன்னது இதற்காகத்தான் என்று வைத்துக்கொண்டாலும், வருஷத்தில் எட்டு மாதம் அதே மண் காய்ந்து சிமென்ட் மாதிரி கிடக்குமே, அப்போது அந்த நீளப் பட்டன்கள் வளைந்து நெளிந்து, திருப்பத்தில் வண்டி ஜெல்லி மேல் நிற்பது போல ஆடும். மழையில் இரண்டு நாள் வண்டியை ஷெட்டில் நிறுத்துவதுதான் கரிசலுக்கு நல்ல 'மட் டயர்'. கொங்கண் பக்கத்துச் செம்புரைக் கல் பூமி வேறு. கெட்டித் தரை, மேலே உருளும் சரளை. அங்கே குட்டையான, நெருக்கமான பட்டன், கொஞ்சம் மிருதுவான ரப்பர். ஜெய்சால்மர் மணல்மேடு என்றால் பின்னால் துடுப்பு மாதிரி வரிகள் உள்ள டயர், முன்னால் நடுவில் ஒற்றைக் கோடு எழும்பிய டயர். அதை மணலில் மட்டும்தான் ஓட்டணும், கெட்டித் தரையில் ஓட்டினால் பல்லாடிப் போகும்.

பிளை என்று ஒன்று போட்டிருக்கும். இரண்டு பிளை மெல்லிசு, இலகு, நன்றாக வளையும், ஒரு கருவேல முள் போதும் கதை முடிய. ஆறு பிளை தடிமன், முள்ளைத் தாங்கும், ஆனால் கனம், கொஞ்சம் முரட்டுத்தனமான ஓட்டம். தக்காணத்து முள்ளுக்கு நான் நடுவில் நாலு பிளை என்பேன். ட்யூப்லெஸ்தான், கூடவே பஞ்சர் ஒட்டும் கிட் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

இனி, இந்த வண்டி வாங்கிய பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி. பின் ஆக்ஸில் ஒரே கம்பி. காரில் இருக்கிற டிஃபரென்ஷியல் இதில் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், சுற்றியே தீரும்.

இதனால் இரண்டு விளைவு. முதலாவது சின்னது. இரண்டு பின் டயரும் சுற்றளவில் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் 'ஒரே சைஸ்' என்று கொடுப்பதில் கூட வித்தியாசம் வரும். காற்று கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வரும். வித்தியாசம் இருந்தால் வண்டி ஓயாமல் சின்ன டயர் இருக்கும் பக்கம் இழுக்கும். வாங்கும்போதே அளந்து பாருங்கள். வீட்டில் இருக்கும் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனால் 60 அங்குலத்தில் தீர்ந்துவிடும், 20 அங்குல டயரின் சுற்று சுமார் 63. (எடுத்துப் போய் வீட்டம்மாவிடம் திட்டு வாங்க வேண்டாம்.) ஒரு கெட்டி நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதே நூலை அடுத்த டயரில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

இரண்டாவது விளைவு பெரியது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். இரண்டு பின் டயருக்கும் நடுவே 90 சென்டிமீட்டர் என்றால், ஒரு முழு வலது திருப்பத்தில் வெளிச்சக்கரம் சுமார் 1 மீட்டர் 40 சென்டிமீட்டர் கூடுதலாகப் போகணும். பெரிய வளைவோ சின்ன வளைவோ, கணக்கு அதேதான். ஆனால் இரண்டும் ஒரே கம்பியில் கட்டிப் போட்டது. அப்புறம் எப்படித் திரும்பும்? ஏதாவது ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும். மண்ணில் வழுக்கும், ஜோராகத் திரும்பும். சிமென்ட் தரையிலும் தாரிலும் வழுக்காது. ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும், பயந்துபோய் இன்னும் திருப்பினால் சட்டென்று பிடித்துக்கொண்டு தூக்கி எறியும். தார் ரோட்டில் ஓட்டாதே என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பது சும்மா இல்லை. நம் நாட்டில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சாலையில் ஓட்டப் பதிவே கிடையாது என்பது வேறு விஷயம். பதிவு இல்லையென்றால் வழக்கமான வண்டி இன்ஷூரன்ஸும் இல்லை.

இப்போது உயரக் கணக்கு. ஒரு வண்டி கவிழுமா வழுக்குமா என்பதை மோட்டாமோட்டியாகப் பார்க்க ஒரே வகுத்தல் போதும். அகலத்தில் பாதியை, ஆளோடு சேர்த்த எடை மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலத்தில் பாதி 45 சென்டிமீட்டர், எடை மையம் 65 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 0.69. இளகிய மண்ணில் டயரின் பிடிப்பு இதைவிடக் குறைவு, அதனால் கவிழ்வதற்கு முன்பே வழுக்கிவிடும், பிழைத்தோம். காய்ந்த சிமென்டில் ரப்பரின் பிடிப்பு இந்த எண்ணை எட்டும், தாண்டவும் செய்யும், அதனால் வழுக்காமல் கவிழும்.

24 அங்குல டயர் போட்டால் பின் ஆக்ஸில் 5 சென்டிமீட்டர் உயர்கிறது. 45-ஐ 70-ஆல் வகுத்தால் 0.64. லிஃப்ட் கிட் தனி. அதற்கும் காசு கொடுத்து இன்னும் குறைத்துக்கொள்ளலாம்! மாறாக, உயரத்தைத் தொடாமல் ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டர் அகலப்படுத்தினால் 50-ஐ 65-ஆல், அதாவது 0.77. பந்தயக்காரர்கள் 46 அங்குல வண்டியை 50 அங்குலம் வரை அகலப்படுத்துவது இதனால்தான்.

"அப்போ ஸ்பேஸர் போட்டது சரிதானே அண்ணா?" என்று நண்பர் மடக்கினார். பாதி சரி. ஸ்பேஸர் என்பது ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் வட்டை. பின்னால் ஓரளவு பரவாயில்லை, ஆக்ஸிலுக்கும் பேரிங்குக்கும் கூடுதல் பாரம் என்று தெரிந்து, நட்டுகளை ஒவ்வொரு முறையும் சோதித்தால் ஓட்டலாம். முன்னால் கூடாது. சக்கரம் ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து விலகிப் போகிறது. ஒவ்வொரு கல்லும் ஹேண்டிலை உதறும், ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப் போகும். முன்னால் அகலம் வேண்டுமென்றால் நீளமான ஏ-ஆர்ம்தான் முறை, அச்சும் கூடவே வெளியே போகும். ஏ-ஆர்ம் நீண்டால் ஷாக்கின் மேல் நெம்பு கூடி ஸ்பிரிங் இளகின மாதிரி ஆகும், அதற்கும் ஸ்பிரிங் மாற்றணும். செலவு பிடித்த வேலை. இதை மிச்சப்படுத்த, கேட்-கிரில் போடுகிற பட்டறையில் ஜி.ஐ. பைப்பில் வெல்டு வைத்து ஏ-ஆர்ம் செய்து மாட்டிய ஒரு வண்டியைப் பார்த்தேன். அந்த வெல்டு விட்டால் முன் சக்கரம் தனியே போகும், ஓட்டுகிறவர் தனியே போவார். இதற்கென்று குரோமோலி குழாயில் செய்து விற்கிறார்கள், காசில்லாவிட்டால் கம்பெனி கொடுத்ததே போதும்.

காசே செலவில்லாத மாற்றங்கள் இருக்கின்றன, அதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் அதன் மொத்த ஓட்டத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரம் தொங்க விட்டு ஒரு அளவு, ஏறி உட்கார்ந்து ஒரு அளவு, அவ்வளவுதான், ஸ்பிரிங் மேலுள்ள வளையத்தைத் திருகிச் சரி செய்யலாம். நண்பரின் வண்டியை இதற்கு முன் வைத்திருந்தவர் எவ்வளவு கனமோ தெரியாது, ஸ்பிரிங் இறுக்கிய இறுக்கில் 70 கிலோ நண்பர் உட்கார்ந்தால் அது அசையவே இல்லை. முன் சக்கரங்களின் நேர்பாடு இன்னொன்று. ஆக்ஸில் உயரத்தில் டயர்களின் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்து, கையேட்டில் சொன்ன மில்லிமீட்டருக்கு வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். இந்த இரண்டையும் செய்து, காற்றையும் சரியாக வைத்துவிட்டு நண்பரை ஓட்டச் சொன்னேன். இறங்கியவர் கேட்டது: "அண்ணா, ஷாக்கை எப்ப மாத்துனீங்க?"

காசு செலவழித்தே ஆக வேண்டுமா? பாதம் வைக்கும் இடத்தில் நெர்ஃப் பார், குதிகால் தடுப்பு போடுங்கள். செருப்புக் காலோடு ஓட்டி, திருப்பத்தில் பைக் ஞாபகத்தில் காலைக் கீழே ஊன்றினால், பின் டயர் அந்தக் காலின் மேலேயே ஏறும். ஆள் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறு சுவிட்சும் போடுங்கள். இது ரெண்டும் எஸ்டிமேட்டில் இல்லை. ஃபோட்டோவில் எடுப்பாகத் தெரியாது அல்லவா.

கடைசியாக, நண்பர் அந்த எஸ்டிமேட்டை அனுப்பியதே இதற்காகத்தான். "டயர் பெரிசா இருந்தா பையன் ஓட்ட சேஃப்தானே?" பையனுக்கு 13 வயசு. 35 கிலோ.

இந்த வண்டியில் மிகப் பெரிய ஹேண்ட்லிங் பாகம் ஓட்டுகிறவர் உடம்புதான். வண்டி சுமார் 170 கிலோ, ஆள் 80 கிலோ. திருப்பத்தில் அவர் 15 சென்டிமீட்டர் உள்பக்கம் சாய்ந்தால், மொத்த எடை மையம் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் நகர்கிறது. மேலே சொன்ன ஏ-ஆர்ம், ஆக்ஸில் எல்லாம் மாற்றி அகலப்படுத்தியதற்குச் சமம், இனாமாக. அதே 15 சென்டிமீட்டரை 35 கிலோ பையன் சாய்ந்தால் இரண்டரை சென்டிமீட்டர்தான் நகரும். பாதி. அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பாதிதான். கவிழ்ந்தால் அவனைவிட ஐந்து மடங்கு கனமான இரும்பு மேலே விழும். அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 16 வயசுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெரியவர்கள் வண்டியில் ஏற்றாதே, ஒற்றை ஆள் வண்டியில் இரண்டாவது ஆளை ஏற்றாதே, தார் ரோட்டில் ஓட்டாதே என்று வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறது. நாம் மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் செய்கிறோம். சொசைட்டி பேவர் பிளாக் தரையில், அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, அம்மா வீடியோ எடுக்க. அப்பா சாய நினைத்தாலும் சாய இடமில்லை!

இங்கே ஒருத்தர் கேட்பார், தெரியும். "வெளிநாட்டுல ரோட்டுலயே குவாட் ரேஸ் ஓட்றாங்களே, நானே வீடியோல பார்த்தேன்." ஓட்டுகிறார்கள். அந்த வண்டியை நன்றாக நிறுத்திப் பாருங்கள். பட்டனே இல்லாத குட்டை டயர், தரையோடு தரையாக இறக்கின சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் அகட்டின ஆர்ம், ஓட்டுகிறவர் பாதி உடம்பு வண்டிக்கு வெளியே தொங்கும். நம்ம கடைக்காரர் எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரியும் அதற்கு நேர் எதிர்.

நண்பர் இப்போது கம்பெனி அளவிலேயே நாலு புது டயர் தேடிக்கொண்டிருக்கிறார். பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறானாம், அவன் அளவுக்குச் சின்ன வண்டி ஒன்று வாடகைக்குக் கிடைக்கும் மண் தடம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கிறேன். உங்கள் வீட்டு ஷெட்டிலும் இப்படி ஒன்று நின்றால், டயரின் பக்கவாட்டு எழுத்தையும் வண்டியில் ஒட்டியிருக்கும் காற்று ஸ்டிக்கரையும் படம் பிடித்து அனுப்புங்கள், மண் என்ன நிறம் என்றும் சொல்லுங்கள். எஸ்டிமேட் ஏதாவது வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து.